ஏழாவது வெள்ளியின் கஞ்சி

அன்று மாலை படியிறங்கி ஓடிப்போய் அக்காவின் வாசலில் நின்ற நான் ஏன் வாயைத் திறக்கவில்லை? அக்காவின் மனம் நோகக் கூடாது என்றா, இந்த வீடு எங்கள் கையைவிட்டுப் போய்விடக் கூடாது என்றா? பலமுறை என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். காலையில் ஒரு பதில் வருகிறது. மாலைக்குள் அது பொய் என்று தோன்றிவிடுகிறது.

அக்கா என்று நான் சொல்வது எங்கள் வீட்டு உரிமையாளரை. கோவில்பதாகையில் பல தலைமுறையாக இருக்கும் குடும்பம். பயிர் வைத்த நிலமெல்லாம் மனைகளாகிப் போனபிறகு, மிஞ்சிய இடத்தில் கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக வீடு கட்டினார்கள். கீழே அக்கா, அவர் கணவர், மூன்றரை வயது மகள். மேலே நான், என் கணவர், இரண்டாம் வகுப்பு படிக்கும் எங்கள் மகள். அக்காவுக்கு என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும்.

நான்கு வருடத்துக்கு முன் ஆவடிப் பக்கம் வீடு தேடி அலைந்ததைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. தொலைபேசியில் "வந்து பாருங்க" என்று சொன்னவர்கள், பெயரைக் கேட்டதும் "ஆள் வந்தாச்சுங்க" என்றார்கள். அக்கா மட்டும் பெயரைக் கேட்டபிறகும் சாவியை எடுத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் மாடியேறினார். சமையலறையைக் காட்டிவிட்டு ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"இன்னா வேணா ஆக்கிக்கோ பாயம்மா. நாங்களும் கறி மீனு துன்றவங்கதான். வெள்ளிக்கெழம மட்டும் மேலருந்து கவுச்சி வாசன வரக்கூடாது. அன்னிக்கி நான் வெளக்கேத்துற நாளு."

இந்த நான்கு வருடத்தில் ஒரு வெள்ளியன்றும் அந்த வாசனை எங்கள் சமையலறையிலிருந்து இறங்கியதில்லை. வியாழன் இரவே குளிர்பெட்டியைத் திறந்து, கறிக்குழம்பு மிச்சம் ஏதும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் படுப்பேன். என் சுபாவம் அப்படி. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உலோக உதிரிபாகம் செய்யும் ஒரு சின்ன ஆலையில், தரம் பார்க்கும் பிரிவில் வேலை எனக்கு. நூலிழை கூடினாலும் குறைந்தாலும் எடுத்துத் தனியே வைக்க வேண்டும். வீட்டிலும் அதே பழக்கம். கேஸை மூடினேனா என்று இரண்டு தடவை, கதவைப் பூட்டினேனா என்று மூன்று தடவை. என் கணவர் என்னை "இன்ஸ்பெக்டர் அம்மா" என்றுதான் கூப்பிடுவார்.

மாலையில் பள்ளி வேன் மகளைக் கொண்டுவந்து இறக்கும்போது நான் ஆலையில் இருப்பேன். அக்காதான் அவளை உள்ளே அழைத்து, சட்டை மாற்றி, எதையாவது தின்னக் கொடுத்து வைத்திருப்பார். நான் ரயிலேறி ஆவடியில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து வந்து சேர ஐந்தரை ஆகிவிடும். இதற்காக அக்கா என்னிடம் எதுவும் கேட்டதில்லை. கேட்டால், "உன் பொண்ணு வந்தாத்தான் எங்கூட்ல சத்தமே கேக்குது" என்பார்.

அது வேடிக்கைப் பேச்சு அல்ல. அக்காவின் மகளுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. காது நன்றாகக் கேட்கிறது, சொல்வதெல்லாம் புரிகிறது, சிரிக்கிறாள், ஆனால் சொல் வருவதில்லை. வாரத்தில் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப்போகிறார்கள். அதோடு அக்கா திருவேற்காடு அம்மனுக்கு ஒன்பது வெள்ளி ஒருபொழுது இருப்பதாக வேண்டிக்கொண்டார். பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர் மட்டும். மாலையில் விளக்கேற்றியபிறகு ஒரு வேளைச் சாப்பாடு. அன்று கறி, மீன், முட்டை எதுவும் வாயில் படக் கூடாது.

இது இரண்டாவது முயற்சி. முதல் முறை நடந்ததை அவரே என்னிடம் சொல்லியிருந்தார். "ஆறாவது வாரம் மாமே. யாரோ பொறந்த நாளுன்னு கேக்கு குட்த்தாங்க, பொழுது சாஞ்சப்பறம்தானேன்னு துன்னுட்டேன். முட்ட போட்டதுன்னு மறுநாளு தெரிஞ்சிது. அவ்ளோதான், இருந்த ஆறு வாரத்த அப்டியே உட்டுட்டு மறுபடி மொதல்லந்து." மாமே என்று என்னை அழைத்துவிட்டு அவரே சிரித்தார். ஆனால் அந்த மறுநாள் அவர் மாடிக்கு வந்து, காயப்போட்ட துணியின் பின்னால் நின்று அழுததை நான் பார்த்திருந்தேன்.

இந்த முறை அவருடைய ஆறாவது வெள்ளியன்று எங்களுக்கு ரமலானின் முதல் வெள்ளி வந்தது. அக்காவுக்கு நோன்புக் கஞ்சி என்றால் உயிர். நான் குடிவந்த வருடத்திலிருந்தே ஒரு பழக்கம் உண்டாகிவிட்டது. நோன்பு மாதத்தின் வெள்ளிக்கிழமைகளில் மாலையில் அவருடைய எவர்சில்வர் தூக்கு மேலே வரும். வெறுமனே வராது. உள்ளே நான்கைந்து மசால் வடை சூடாக இருக்கும். வடையை எடுத்துக்கொண்டு, தூக்கைக் கழுவிக் கஞ்சி ஊற்றி என் மகளிடம் கொடுத்தனுப்புவேன்.

அந்தக் கஞ்சியைத் தனியாக வைப்பேன். நொய்யரிசி, பாசிப்பருப்பு, கொஞ்சம் வெந்தயம், பூண்டு தாராளமாக, வெங்காயம், தக்காளி, கேரட், பட்டை கிராம்பு இரண்டே இரண்டு, புதினா, மல்லி, கடைசியில் தேங்காய்ப்பால். மற்ற நாட்களில் எங்களுக்கு வைக்கும்போது இதோடு கைமாவும் சேரும். அதற்கு வேறு பாத்திரம், வேறு கரண்டி. அக்காவுக்கு வைக்கும் பானைக்குள் கறி பட்ட கரண்டி இறங்கியதில்லை.

அந்த முதல் வெள்ளியன்று வடையைக் கொண்டுவந்தபோது அக்கா சொன்னார்: "உப்பு போட்டேனா இல்லியான்னே தெர்ல. நாக்குல வச்சிப் பாக்க முடியாதே. கம்மியா இருந்தா அம்மனாண்ட புகார் சொல்லு."

"என் கஞ்சியும் அப்படித்தாங்க்கா. உப்புப் பார்க்கல."

"நல்ல ஜோடி. நீயும் ருசி பாக்காம ஆக்குற, நானும் ருசி பாக்காம சுடுறேன். துன்றவன் பாவம்."

நோன்பில் சமைப்பவர் நாக்கு நுனியில் வைத்து உப்புப் பார்த்துத் துப்பிவிடலாம் என்று எங்கள் ஊரில் பெண்கள் சொல்வார்கள். சொந்தக்காரர்கள் செய்வதையும் பார்த்திருக்கிறேன். எனக்குத் துணிச்சல் வந்ததில்லை. ஒரு துளி தொண்டைக்குள் போய்விட்டால்? அந்த ஒரு நாளை எப்படிச் சரிசெய்வது? அதனால் முப்பது நாளும் கண் அளவிலும் மூக்கின் துணையிலும்தான் சமைப்பேன். இந்த அதிகப்படி ஜாக்கிரதைதான் என் காலை வாரிவிட்டது.

இரண்டாவது வெள்ளி, அதாவது அக்காவின் ஏழாவது வெள்ளி. அன்று அம்பத்தூரில் ரயில் தாமதம். வீட்டுக்குள் நுழையும்போது ஐந்தே முக்கால் ஆகியிருந்தது. கஞ்சியைக் குக்கரில் ஏற்றிவிட்டு, தர்பூசணி நறுக்கி, பேரீச்சம்பழத்தைத் தட்டில் வைத்து, முந்தைய நாள் செய்த கடற்பாசி இனிப்பைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தேன். மகள் வீட்டுப் பாடத்தில் ஏதோ கேட்டாள். கணக்கு ஒன்றுக்கு விடை எழுதிக் காட்டிவிட்டுத் திரும்பும்போது, கருகல் வாசனை சமையலறையை நிரப்பியிருந்தது. நொய் அடிபிடித்துவிட்டது. மேலாக எடுத்தாலும் கருகல் நாற்றம் போகவில்லை.

மணி ஆறு ஐந்து. அக்காவின் தூக்கு வடையோடு வந்து மேடைமேல் இருந்தது. கீழே அவர் விளக்கேற்றும் மணிச் சத்தமும் கேட்டுவிட்டது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீரோடு இருக்கும் மனுஷி.

அப்போது என் கணவர் பள்ளிவாசல் கஞ்சி நிறைந்த வாளியோடு வந்தார். பூந்தமல்லியில் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளராக இருக்கிறார். அந்த மாதம் காலை ஷிஃப்ட். "சூடா இருக்கு, பாத்து" என்று வாளியை வைத்துவிட்டு, அங்கேயே நோன்பு திறந்து தொழுவதற்காகத் திரும்பிப் போய்விட்டார்.

எங்கள் பள்ளிவாசலில் கஞ்சி சைவமாகத்தான் இருக்கும். அக்கம்பக்கத்தில் எல்லா மதத்துக்காரர்களும் பாத்திரத்தோடு வந்து வாங்கிப்போவதால் அப்படி ஒரு வழக்கம். என்றைக்காவது ஒரு குடும்பம் அன்றைய செலவை ஏற்றுக்கொண்டு விரும்பிக் கேட்டால், கைமா போடுவார்கள். முன்கூட்டியே வெள்ளி மதிய ஜும்ஆ தொழுகையில் அறிவித்தும் விடுவார்கள். நோன்பு தொடங்கியதிலிருந்து அப்படி ஒரு நாள் வரவில்லை.

வாளியைத் திறந்தேன். கரண்டியால் அடிவரைக்கும் கலக்கிப் பார்த்தேன். பருப்பு, கேரட், புதினா. கறித்துண்டு எதுவும் தட்டுப்படவில்லை. முகர்ந்து பார்த்தேன். மூக்கு முழுக்க என் கருகல்தான். நாக்கில் வைத்துப் பார்க்க இன்னும் கால் மணி நேரம் இருந்தது.

தூக்கில் ஊற்றி மகளிடம் கொடுத்தனுப்பினேன்.

பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் ஒரு பேரீச்சம்பழம், ஒரு மடக்கு தண்ணீர். பிறகு கஞ்சிக் கிண்ணத்தை எடுத்து ஒரு வாய் குடித்தேன்.

கறி.

மையாக அரைத்த கைமா. அரிசியோடு குழைந்து, கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருந்தது. அன்று மதியம் ஜும்ஆவில் அறிவித்திருக்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. என் கணவர் ஜும்ஆ தொழுதது பூந்தமல்லியில்.

கிண்ணத்தை வைத்துவிட்டு ஓடினேன். படியில் செருப்புக்கூடப் போடவில்லை. இன்னும் விளக்கேற்றிக்கொண்டே இருப்பார், பூ வைத்துக்கொண்டிருப்பார், தூக்கு மூடியபடி இருக்கும் என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு நம்பிக்கை. அக்கா கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். அவர் கையிலிருந்த டம்ளர் காலி. மடியில் பாப்பா, வாயெல்லாம் கஞ்சி.

"இன்னாமா, இப்டி ஓடியார? நோம்பு தொறந்தியா இல்லியா?"

"தொறந்துட்டேங்க்கா."

"இன்னிக்கி கஞ்சி இன்னா இப்டி கீது? போன வாரம் ஏதோ ஆஸ்பத்திரி கஞ்சி மாறி குட்த்த. இதான் கஞ்சி. பாப்பா ரெண்டு கிண்ணம் காலி பண்ட்டா. நீதான் பாத்துக்கினு இருக்கியே, இவ என்னிக்கி இப்டி துன்னா?"

"அது பள்ளிவாசல் கஞ்சிக்கா. நான் வச்சது அடிபிடிச்சிடுச்சு."

"அதான பாத்தேன். மசாலா தூக்கலா கீது." டம்ளரின் அடியை விரலால் வழித்து வாயில் வைத்துக்கொண்டார். பிறகு தலை நிமிர்ந்து கேட்டார். "அங்கயும் சைவந்தானே போட்றாங்க?"

சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. பேச்சோடு பேச்சாகக் கேட்டது. நான் தலையை ஆட்டினேன்.

வாய் திறந்து பொய் சொல்லவில்லை, தலைதான் ஆடியது என்று மேலே ஏறும்போதே எனக்குள் ஒரு சமாதானம் ஓடியது. அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

மேலே வந்தபோது மகள் கிண்ணத்தைப் பாதி முடித்திருந்தாள். "அம்மா, இன்னிக்கி கஞ்சில கறி கீதும்மா." அக்காவோடு இருந்து இருந்து அவளுக்கும் அந்தப் பேச்சு வந்துவிட்டது.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "இங்க பாரு. இத கீழ பெரியம்மாகிட்ட சொல்லக் கூடாது."

"ஏன்?"

"அவங்களுக்குக் கஷ்டமா இருக்கும்."

"கேட்டா?"

"கேக்க மாட்டாங்க."

"கேட்டா பொய் சொல்லணுமா? நோம்புல பொய் சொன்னா நோம்பு போயிடும்னு நீதான சொன்ன?"

"நோம்புதான் தொறந்தாச்சே," என்றேன். சொல்லி முடிப்பதற்குள் என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை. அவள் அதை ஒரு விடையாக எடுத்துக்கொண்டு வடையைக் கடித்தாள்.

கணவர் தொழுதுவிட்டு வந்ததும் சொன்னேன். அவர் முகமும் மாறியது. பிறகு சொன்னார்: "மறந்துபோய் சாப்பிட்டா நோம்பு முறியாதுன்னு நமக்கே இருக்கு. இது அவங்களுக்குத் தெரியாமலே நடந்தது. சாமி அதையெல்லாம் கணக்குல வைக்காது."

"அவங்களுக்கு நம்ம சட்டம் எப்படிங்க பொருந்தும்? கேக்குல முட்டை இருந்ததுக்கே முதல்லேர்ந்து ஆரம்பிச்சவங்க."

"அப்ப சொல்லிடு."

"சொன்னா?"

அவர் வாளியை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவினார். இருவருக்கும் ஒரே யோசனைதான் என்று எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை கவுச்சி வாசனைகூட வரக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு வீடு கொடுத்தவருக்கு, வெள்ளிக்கிழமை விரதத்தில் கறி ஊட்டிவிட்டோம். தெரியாமல் நடந்தது என்று அக்கா நம்புவார். அவர் கணவர் நம்புவாரா? அவர் மாமியார் வீட்டுச் சனம்? தெரு? "பாயம்மா வேணும்னே குட்த்துட்டா" என்று ஒருவர் சொன்னால் போதும். என் மகளை நாளை மாலை எங்கே விடுவது?

அந்த வாரம் முழுவதும், ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி வாசல் கேட்டைத் திறக்கும்போதே அக்காவின் முகத்தைத்தான் முதலில் பார்ப்பேன். அவர் சிரித்தால் மூச்சு வரும். ஒருநாள் அவர் நிமிராமல் "வந்துட்டியா" என்று மட்டும் சொன்னார். நான் கேட்டைச் சாத்த மறந்து நின்றேன். அவருக்குத் தலைவலியாம். மாடிக்குப் போனதும் மகளை நிறுத்திக் கேட்பேன். "எதாவது சொன்னியா?" திங்கள் கேட்டேன், செவ்வாய் கேட்டேன், புதன் கேட்டேன். வியாழக்கிழமை அவள் பையைக் கீழே போட்டுவிட்டுச் சொன்னாள்: "நீ தெனம் கேக்கறதாலதாம்மா எனக்கு ஞாபகமே வருது."

அவள் முன்பெல்லாம் கீழே நடந்ததைக் கேட்காமலே ஒப்பிப்பாள். பாப்பா என்ன செய்தாள், பெரியம்மா என்ன கொடுத்தார், டிவியில் என்ன ஓடியது. அந்த வாரத்தில் அதெல்லாம் நின்றுவிட்டது. எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று எடை போட ஆரம்பித்துவிட்டாள். ஏழு வயதில்.

எட்டாவது வெள்ளியன்று அனுமதி கேட்டு இரண்டு மணி நேரம் முன்னாலேயே கிளம்பி வந்துவிட்டேன். பள்ளிவாசல் வாளியே வீட்டுக்குள் வர வேண்டாம் என்று கணவரிடம் சொல்லியிருந்தேன். அடுப்பை விட்டு நகராமல் நின்று கிண்டினேன். அடி பிடிக்கவில்லை. தேங்காய்ப்பாலைக்கூட வீட்டிலேயே பிழிந்தேன். இந்த முறை மகளை அனுப்பாமல் நானே தூக்கை எடுத்துக்கொண்டு இறங்கினேன். சொல்லிவிட வேண்டும் என்றும் ஒரு எண்ணம் இருந்தது. மகள் பின்னாலேயே வந்தாள்.

அக்கா டம்ளரில் ஊற்றி ஒரு வாய் குடித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இன்னாமா, மறுபடி ஆஸ்பத்திரியா? போன வாரம் மாறி இல்லியே."

"இன்னிக்கு நானே வச்சேங்க்கா."

"அது தெரியுது. பாரு, பாப்பா தொடவே மாட்டேங்குறா." பாப்பா கிண்ணத்தைத் தள்ளிவிட்டிருந்தாள். "பள்ளிவாசல் கஞ்சியவே ஒரு டம்ளர் குட்த்துடேன், இவளுக்காச்சும். அண்ணாத்தே வாங்கினு வரலியா?"

நான் தூக்கின் மூடியைத் தேடினேன். அந்த நேரத்தில் என் மகள் முன்னால் வந்து, பாப்பாவின் கன்னத்தைத் துடைத்துக்கொண்டே, முகத்தில் ஒரு சின்ன மாற்றமும் இல்லாமல் சொன்னாள்: "இன்னிக்கி பள்ளிவாசல்ல கஞ்சி ஊத்தல பெரியம்மா. அடுப்பு ரிப்பேராம்."

அடுப்பு ரிப்பேர். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளாகவே உண்டாக்கியது. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். கணக்குப் போட்டு முடித்துவிட்டு விடை சரியா என்று பார்ப்பாளே, அதே பார்வை.

"அப்டியா? பாவம், நோம்பு இருக்கறவங்க இன்னா பண்ணுவாங்க," என்றார் அக்கா. உண்மையாகவே வருத்தப்பட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சொல்லியே தீருவது என்று முடிவெடுத்தேன். அக்கா மாடியில் துணி காயப்போட வந்தார். நானும் வாளியை எடுத்துக்கொண்டு போனேன். என்ன சொல்ல வேண்டும் என்று வரிவரியாக மனப்பாடம் செய்திருந்தேன். "அக்கா, அன்னிக்கு கஞ்சி விஷயமா ஒண்ணு" என்று ஆரம்பித்தேன்.

"கஞ்சிய உடு. ஒண்ணு சொல்றேன் கேளு." அவர் கையிலிருந்த துணியை அப்படியே தோளில் போட்டுக்கொண்டார். "உன் பொண்ணு காலைல படியில எறங்குறா. பாப்பா பாத்துட்டு 'க்கா'ன்றா. நல்லா கேட்டேன். ரெண்டு தபா. 'க்கா'. எங்கூட்டுக்காரரும் கேட்டாரு. பயிற்சி குடுக்குற மேடத்துக்குப் போன் போட்டா, அவங்க இன்னும் நல்லா பேச்சு குட்த்துகினே இருங்கன்றாங்க."

"ரொம்ப சந்தோசங்க்கா."

"ஏழாவது வாரம் முடிஞ்சதுலருந்தே வாய அசைச்சிகினே இருந்தா, நான்தான் வெளிய சொல்லல. கண்ணு பட்டுடும்னு. அம்மா எறங்கிட்டா பாரு." அவர் கண்ணிலிருந்து வழிந்ததை என் முன்னாலேயே துடைத்துக்கொண்டார். இந்த முறை துணிக்குப் பின்னால் போகவில்லை.

ஏழாவது வாரம். அவரே சொன்னார். என் மனப்பாடம் முழுவதும் மறந்துபோனது. "நீ இன்னாமோ சொல்ல வந்தியே" என்று கேட்டார். கஞ்சிக்குக் கொஞ்சம் மசாலா கூட்டிப் போடுகிறேன் என்று சொன்னேன்.

ஒன்பதாவது வெள்ளியன்று அக்கா குடும்பத்தோடு திருவேற்காட்டுக்குப் போய்ப் பொங்கல் வைத்துவிட்டு, மாலையில் திரும்பினார். நோன்பு திறக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது, ஒரு மூடிபோட்ட கிண்ணத்தோடு மேலே வந்தார். அவர் நெற்றியில் குங்குமம், முகத்தில் வெயிலின் கருப்பு.

"சக்கரப் பொங்கலு. நோம்பு தொறந்தப்பறம் சாப்டு."

நான் வாங்கிக்கொண்டேன். அவர் போகாமல் நின்றார்.

"பயப்படாத. படைக்கறதுக்கு முன்னாடியே உங்களுக்குன்னு தனியா எடுத்து வச்சிட்டேன். கரண்டிகூட வேற. படைச்சது நீங்க துன்ன மாட்டீங்களாமே. போன வாரம் உன் பொண்ணாண்ட கேட்டுகினேன். சாமி எதுனா நெனச்சிக்குமோன்னு எங்கூட்டுக்காரர் சொன்னாரு. அதெல்லாம் நெனைக்காது, அந்தப் புள்ளைங்க நோம்ப நாம கெடுக்கக் கூடாதுன்னு சொல்ட்டேன்."

கீழே என் மகள் என்ன சொல்லிவிடுவாளோ என்று நான் தினமும் விசாரித்துக்கொண்டிருந்த அந்த வாரத்தில், அவர் அவளிடம் கேட்டது இதைத்தான். கிண்ணம் சூடாக இருந்தது. முந்திரி, நெய் வாசனை. பாங்கு சொன்னதும் நாங்கள் மூவரும் அதைத்தான் முதலில் சாப்பிட்டோம். கணவர் இரண்டாவது வாய்க்குப் பிறகு கரண்டியை வைத்துவிட்டு எழுந்துபோனார். மகள் முழுவதையும் முடித்தாள்.

நோன்புப் பெருநாள் முடிந்து இப்போது மூன்று வாரம் ஆகிறது. பெருநாளன்று பிரியாணி கீழே போனது, அக்கா ரசித்துச் சாப்பிட்டார். பாப்பாவுக்கு "க்கா"வோடு "ம்மா"வும் வந்திருக்கிறது. அக்காவைப் பொறுத்தவரை வேண்டுதல் நிறைவேறிவிட்டது. நான் ஒருத்தி மட்டும் அதில் ஒரு வெள்ளி குறைகிறது என்று தெரிந்துகொண்டு மேலே நடமாடுகிறேன். சொன்னால், அவர் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவார். அதுகூடப் பரவாயில்லை. கிடைத்த இரண்டு சொல்லும் போய்விடுமோ என்று ஒவ்வொரு நாளும் பாப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பயம் எப்படி இருக்கும் என்று ஒரு வாரம் அனுபவித்தவள் நான். சொல்லாவிட்டால், முட்டை போட்ட கேக்குக்காக அழுத ஒருவருக்குத் தெரிய வேண்டியதை நான் என் வசதிக்காக மறைத்துவைத்திருக்கிறேன்.

போன வாரம் மகளிடம், அன்று அடுப்பு ரிப்பேர் என்று சொன்னது தப்பு என்று பேச்செடுத்தேன். "அப்ப நீ போய்ச் சொல்லு, நானும் வர்றேன்" என்றாள். நான் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தேன். மடித்து முடிக்கும்வரை அவள் அங்கேயே நின்றாள். பிறகு விளையாடப் போய்விட்டாள்.

இதைப் படிப்பவர்களில் வேண்டுதலுக்காக ஒருபொழுது இருப்பவர்கள் இருப்பீர்கள். உங்களிடம்தான் முதலில் கேட்கிறேன். உங்களுக்கே தெரியாமல், உங்கள் மேல் பிரியம் வைத்த ஒருத்தியின் கையால் உங்கள் விரதம் கெட்டிருந்தால், அது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று நினைப்பீர்களா? தெரிவிப்பதானால் பாப்பா இன்னும் நான்கு சொல் பேசும்வரை பொறுப்பதா, இந்த வாரமே சொல்லிவிடுவதா? சொல்லும்போது மகளை உடன் அழைத்துப்போகலாமா, அது அவளுக்குத் தாங்குமா? பிள்ளை வளர்த்தவர்களும் சொல்லுங்கள். என்ன செய்யலாம் என்று எழுதுங்கள், கண்டிப்பாக இருந்தாலும் பரவாயில்லை.